உங்கள் மகளின் கட்டுரையில் அந்த ஒரு வாக்கியம் எங்கே?



மழை சற்றே விட்டிருந்த ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்தேன். பதுளை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்த களைப்போடு ஒரு தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். மகள் என்னிடம் க.பொ.த. உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படித்தவள். இப்போது உயர்கல்வியில் முதலாம் வருடம். அவளது கையில் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றிய ஓர் ஒப்படை. இருபத்து மூன்று பக்கம். முத்து முத்தான எழுத்து. தலைப்புகளுக்கு அடியில் அடிமட்டம் வைத்து நீல மையால் கோடு. கடைசிப் பக்கத்தின் கீழே மட்டும் சிவப்பு மையில் விரிவுரையாளர் எழுதிய ஒரு வரி: 'நிறைய எழுதியிருக்கிறீர். ஆனால் என்ன சொல்ல வருகிறீர்?'

"மௌலவி, புள்ள ராவு பகலா முழிச்சி எழுதின. இதுல என்ன கொறை ஈக்கி?" என்று தாய் கேட்டார். அவரது குரலில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்குப் போன பிள்ளை. முதல் ஒப்படையிலேயே சிவப்பு மை விழுந்தால் தாய் பயப்படாமல் என்ன செய்வார்?

ஒப்படையின் தலைப்பு, மீரியபெத்தை மண்சரிவு. உங்களுக்கு நினைவிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நமது பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்து வந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

இருபத்து மூன்று பக்கங்களையும் படித்தேன். மண்சரிவு என்றால் என்ன, அதன் வகைகள், ஊவாவின் மழைவீழ்ச்சி, தேயிலையின் வரலாறு, அழிவின் விபரம், அரசாங்கத்தின் நிவாரணம், இறுதியில் 'ஆகவே இயற்கையைப் பாதுகாப்பது நம் அனைவரதும் கடமையாகும்'. ஒன்றும் பிழையில்லை. ஆனால் எழுதியவள் இந்தப் பக்கங்களுக்குள் எங்கும் இல்லை.

"மகள், அந்த மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவள் தாயைப் பார்த்தாள். "அவவுக்கு அதெல்லாம் என்ன தெரியும் மௌலவி" என்று தாயே பதில் சொன்னார். நான் மகளைப் பார்த்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அவங்களுக்குத் தெரியும் மௌலவி, மலை வருமெண்டு. போறதுக்கு எடமில்ல."

பிறகுதான் விடயம் வெளியே வந்தது. அவளது வாப்பாவுக்கு அந்தப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு சில்லறைக் கடை. தோட்டத்துச் சனம் சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்க்கும் கடை. அன்றைய தினம் இவளுக்குப் பதினொரு வயது. மண்ணுக்கடியில் போனவர்களில் இரண்டு குடும்பங்களின் பெயர் வாப்பாவின் கடன் கொப்பியில் இருந்தது. வாப்பா அந்தப் பக்கங்களைக் கிழிக்கவுமில்லை, கோடு போட்டு வெட்டவுமில்லை. கொப்பி இன்றும் கடை லாச்சிக்குள் இருக்கிறதாம்.

சகோதரிகளே, விரிவுரையாளர் தேடிய வாக்கியம் அதுதான். 'அவர்களுக்குத் தெரியும், போவதற்கு இடமில்லை.' இருபத்து மூன்று பக்கங்களிலும் அது எழுதப்படவில்லை. தேநீர் குடிக்கும் நேரத்தில் வாயிலிருந்து விழுந்தது.

ஆங்கிலத்தில் இதைத் தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பார்கள். வாதக் கூற்று என்று நாம் வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் எதை நிறுவப் போகிறது என்பதை ஓரிரு வாக்கியத்தில், முதற் பந்தியின் முடிவிலேயே சொல்லிவிடுவது. பல்கலைக்கழகத்திலும் கல்வியியற் கல்லூரியிலும் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைவதற்கு, நான் கண்டவரையில், அறிவுக் குறைவைவிட இந்த வாக்கியம் இல்லாமையே பெரிய காரணம். நமது பெண் பிள்ளைகளிடம் இந்தக் குறை இன்னும் கூடுதல். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். அறபுக் கல்லூரியில் எங்களுக்கு முனாழரா என்றொரு பாடம் இருந்தது. முறைப்படி வாதம் செய்யும் கலை. அதில் ஒருவர் தமது கூற்றை முன்வைப்பார். அதற்குத் தஃவா என்று பெயர். (மார்க்க அழைப்புப் பணிக்கு நாம் சொல்லும் சொல்லும் தமிழில் இப்படித்தான் எழுதப்படுகிறது, அறபியில் இரண்டும் வேறு.) கூற்றை முன்வைத்தவர் தலீல், அதாவது ஆதாரம், கொண்டுவர வேண்டும். எதிரே இருப்பவர் அதை மறுப்பார். நான் முதன்முதலாக எழுந்து நின்ற நாள் மறக்காது. கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். உஸ்தாத் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி, உமது தஃவா என்ன?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே பாடத்தில் இன்னொன்றையும் கற்பித்தார்கள்: தஹ்ரீரு மஹல்லின் நிஸாஃ. கருத்து வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் துப்புரவாக்கிக் கொள்வது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட விடயத்தை நிறுவிக்கொண்டிருப்பது வீண் வேலை அல்லவா? மீரியபெத்தையில் மண்சரிந்ததை யாரும் மறுக்கவில்லை. உயிர்கள் போனதையும் மறுக்கவில்லை. மழை பெய்ததையும் மறுக்கவில்லை. அப்படியானால் எங்கே வேறுபாடு? எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்ற இடத்தில். கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நமது மாணவியோ வேறுபாடே இல்லாத இடங்களில் இருபது பக்கங்களைச் செலவழித்துவிட்டாள்.

தமிழிலும் இந்த மரபு பழையதே. மணிமேகலையின் 29ஆம் காதையில் தருக்க முறை விரிவாக வருகிறது. முதலில் நிறுவ வேண்டிய கூற்று. அதற்குப் பக்கம் என்று பெயர். அடுத்துக் காரணம், அது ஏது. அடுத்து உதாரணம், அது திட்டாந்தம். அக்காலத்துத் தருக்க ஆசிரியர்கள் எடுத்துக்காட்டிய உதாரணம் நமது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தூரத்து மலையில் நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். எப்படித் தெரியும்? புகை எழுகிறது. புகை எழுந்தால் நெருப்பிருக்கும் என்பதற்கு என்ன சாட்சி? அடுப்பங்கரையில் பார்த்திருக்கிறோமே! ஓகஸ்ட் மாத வரட்சியில் நமது ஊவாப் புல்மலைகளில் தீப்பிடிப்பதைத் தொலைவிலிருந்து பார்த்த ஒவ்வொரு தாயும் இந்தத் தருக்கத்தைத் தன்னையறியாமல் பயன்படுத்தியிருக்கிறாள்.

அந்த மாலையில் நானும் மாணவியும் செய்ததை அப்படியே சொல்கிறேன். அவளது பழைய முதற் பந்தியில் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: 'இக்கட்டுரையில் மீரியபெத்தை மண்சரிவின் காரணங்களும் விளைவுகளும் ஆராயப்படும்.' இது கூற்று அல்ல, அறிவித்தல். பஸ்ஸின் பெயர்ப்பலகை மாதிரி. எங்கே போகிறது என்று தெரியும். போய் என்ன செய்யப் போகிறது என்று தெரியாது.

அதை வெட்டிவிட்டு, 'மீரியபெத்தை மண்சரிவு நெஞ்சை உருக்கும் ஒரு துயரச் சம்பவமாகும்' என்று எழுதினாள். உண்மைதான். ஆனால் இதை இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்கு ஆதாரம் தேவையில்லை. ஆதாரம் தேவையில்லாவிட்டால் கட்டுரையும் தேவையில்லை.

மூன்றாவதாக, 'இதற்கு அரசாங்கம், கம்பனி, மக்கள், காலநிலை ஆகிய அனைத்துமே காரணமாகும்' என்று எழுதினாள். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெனில் நானும் அந்த வயதில் இப்படித்தான் எழுதினேன். எல்லோரும் காரணம் என்றால் எவரையும் நோகடிக்காமல் தப்பிவிடலாம். ஆனால் நான்கு காரணங்களில் எது மற்றவற்றைத் தாங்கி நிற்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதுதான் மாணவியின் வேலை.

நான்காவது முறை பேனையை எடுக்கவில்லை. "சற்று முன் சொன்னதைச் சொல்லுங்கள்" என்றேன். சொன்னாள். "அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?" தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் பின்னர் 2011 இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்ததை அவளே தனது பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, அதன்மேல் எதையும் கட்டாமல் அடுத்த தலைப்புக்குப் போயிருந்தாள். "போக இடமில்லை என்பதற்கு?" தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, நூறாண்டுக்கு மேலாக அதில் வாழ்பவனுக்கு லயத்து அறையின் திறப்பைத் தவிர ஒன்றுமில்லை. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் அந்த அறையும். இது அவளது ஒன்பதாம் பக்கத்தில், 'தேயிலையின் வரலாறு' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது.

ஒன்பதாம் பக்கத்தையும் பதினான்காம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வாக்கியம் தானாக வந்தது:

'மீரியபெத்தை மக்கள் ஆபத்தை அறியாததால் அங்கே தங்கியிருக்கவில்லை. தம் பெயரில் காணியோ வீடோ இல்லாமல், குடியிருப்பையும் தோட்ட வேலையையும் ஒன்றோடொன்று கட்டிவைத்த லய முறையே அவர்களை அபாயத்தின் அடிவாரத்தில் தங்கவைத்தது.'

சற்று நீளம்தான். ஆனால் பாருங்கள், இதில் ஒரு மறுப்பு இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, கட்டுரை போக வேண்டிய வழியும் இருக்கிறது. எச்சரிக்கை பற்றி ஒரு பகுதி. காணியுரிமை பற்றி ஒரு பகுதி. வீடும் வேலையும் கட்டுண்டது பற்றி ஒரு பகுதி. மண்சரிவின் வகைகளும் தேயிலையின் வரலாறும் தாமாகவே விலகி நின்றுவிட்டன.

"இல்லை என்று சொல்பவர் என்ன சொல்வார்?" என்று கேட்டேன். இதைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவள் யோசித்துச் சொன்னாள்: "போகச் சொல்லியும் அவங்கதான் போக விரும்பல்லெண்டு சொல்லுவாங்க. வேல செய்ற எடம் தூரமாகிடும், புள்ளைகள்ட ஸ்கூல் தூரமாகிடும் எண்டு." சொல்லி முடிப்பதற்குள் அவளது முகம் மலர்ந்தது. மறுப்பாளரின் அந்த வார்த்தையே அவளுக்குச் சாட்சி சொல்கிறதல்லவா! வேலைக்குத் தூரமாகிவிடும் என்று ஒருவன் மலைச்சரிவின் கீழே தங்குகிறான் என்றால், வீடு வேலையோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது! எதிர்க் கருத்தை மறைக்காமல் கட்டுரைக்குள் அழைத்து உட்கார வைப்பதால் கிடைக்கும் லாபம் இது.

மறுப்பைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. இமாம் கஸ்ஸாலி 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் தத்துவவாதிகளோடு தாம் முரண்படும் இடங்களை இருபது மஸ்அலாக்களாக வகுத்து வைத்தார். எது தமது கூற்று என்பதில் ஒளிவு மறைவு இல்லை. அதனால்தான் அவர் மறைந்து பல பத்தாண்டுகளின் பின்னர், ஸ்பெயினில் இருந்த இப்னு ருஷ்த் அதற்கு மறுப்பாக ஒரு முழு நூலை எழுத முடிந்தது. மறுப்பு எழுத முடிந்ததால் கஸ்ஸாலியின் நூல் சிறுத்துப் போகவில்லை. இரண்டும் இன்றுவரை படிக்கப்படுகின்றன. மழுப்பலாக எழுதப்பட்ட ஒன்றுக்கு யார் இத்தனை பாடுபட்டு மறுப்பு எழுதுவார்?

இன்னோர் உதாரணம், இதுவும் நமது மண்ணைப் பற்றியதே. 1817-18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி பற்றி வரலாற்று வகுப்பில் கேள்வி வரும். ஆங்கிலேயர் ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முஹாந்திரமாக நியமித்ததும், அது அப்பகுதித் திசாவையின் அதிகாரத்தைக் குறைத்ததும், 1817 ஒக்டோபரில் உதவி ரெசிடென்ட் வில்சன் கொல்லப்பட்டதும் பாடத்தில் உண்டு. நமது பிள்ளைகளில் சிலர் ஹாஜி மரிக்காரின் பெயர் வரும் இடத்தில் கூச்சப்பட்டு ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். வேறு சிலர் பாடநூலைப் பார்த்து, அந்த நியமனமே கிளர்ச்சிக்குக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நியமனத்துக்காகவா அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலயே கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து, 1818 நவம்பரில் உயிரையும் கொடுத்தார்? 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையில் காப்பதாக ஒப்புக்கொண்ட தலைவர்களின் அதிகாரத்தை ஆங்கிலேயர் படிப்படியாகக் குறைத்தது விறகு, ஹாஜி மரிக்காரின் நியமனம் தீப்பொறி என்று ஒரு மாணவி எழுதினால், அவள் எதையும் மறைக்கவுமில்லை, பழியை ஒருவர் தலையில் கட்டவுமில்லை. காரணத்தின் நிறையை அளந்திருக்கிறாள்.

எல்லாக் கேள்விக்கும் இப்படித் தோள்தட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. 'விபரிக்க' என்று கேட்டால் விபரித்துவிட்டு வரலாம். 'ஆராய்க', 'மதிப்பிடுக', 'எந்தளவுக்கு உடன்படுகிறீர்' என்று கேட்கும் இடங்களில்தான் வாதக் கூற்றுக் கட்டாயம். இன்னொன்று, தொடக்கத்தில் எழுதிய வாக்கியம் கல்வெட்டு அல்ல. எழுதிக்கொண்டு போகும்போது ஆதாரம் வேறு பக்கம் இழுத்தால் ஆதாரத்தைத் திருக வேண்டாம். முதற் பந்திக்குத் திரும்பிப் போய் வாக்கியத்தைத் திருத்துங்கள். வாசிப்பவருக்கு முதலில் வரும் வாக்கியத்தை எழுதுபவர் கடைசியில் எழுதினாலும் குற்றமில்லை.

நமது பெண் பிள்ளைகளிடம் இந்தக் குறை ஏன் கூடுதல் என்று சொல்ல வந்தேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசாதே என்று வளர்க்கிறோம். நல்ல பழக்கம், என் பெண் மக்களையும் அப்படித்தான் வளர்த்தேன். ஆனால் அதோடு, 'உனக்கென்ன தெரியும்' என்பதையும் சேர்த்து ஊட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளை பேனையைப் பிடிக்கும்போது 'சிலர் கூறுகின்றனர்', 'எனக் கருதப்படுகிறது', 'என்றும் சொல்லலாம்' என்று எழுதி, மூன்றாம் மனிதர்களின் பின்னால் மறைந்துகொள்கிறாள். அடக்கம் வேறு, கருத்தில்லாமல் இருப்பது வேறு. மரியாதையான வார்த்தையில் உறுதியான கூற்றைச் சொல்லலாம். இப்போது சில பிள்ளைகள் கைத்தொலைபேசியிடம் கேட்டு எழுதுகிறார்கள். ஊவாவையே காணாத அந்தக் கருவி ஊரில் உள்ள எல்லாக் கருத்தையும் வரிசையாக அடுக்கித் தரும். கடன் கொப்பி லாச்சிக்குள் இருப்பது அதற்குத் தெரியாது.

தாய்மாரே, இதற்கு நீங்கள் பட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ரொட்டி சுடும்போது மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மகள், இந்தக் கட்டுரையில என்ன சொல்ல வாற? ஒரு மூச்சில சொல்லுங்க பாப்பம்" என்று கேளுங்கள். ஒரு மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அவளுக்கே இன்னும் தெளியவில்லை. சொன்னால், "ஏன் அப்பிடிச் சொல்ற?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் வந்தால், "இல்லெண்டு ஒருத்தர் சொன்னா?" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதில்லை. அவள் தடுமாறும் இடம் உங்களுக்கு நிச்சயம் விளங்கும். ஆனால் அவள் சொல்லும்போது இடையில் புகுந்து நீங்கள் பதில் சொல்லாதிருக்க வேண்டும். அன்றைய தினம் எங்கள் வீட்டில் அந்தத் தாய்க்கு அதுதான் சிரமமாக இருந்தது; இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் தன் முந்தானையால் மூடிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து மகள் தொலைபேசியில் பேசினாள். ஒப்படை பதினான்கு பக்கமாகக் குறைந்திருந்தது. திரும்ப ஒப்படைக்க விரிவுரையாளர் இணங்கியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள். "மௌலவி, வாப்பாட கடன் கொப்பியப் பத்தி எழுதலாமா? எழுதினா எந்த எடத்துல?"

"காணி இல்லை என்பதற்கு அது ஆதாரமாகாது மகள். முதற் பந்தியில் வைத்தால் கண்ணீர்தான் வரும். மாதச் சம்பளம் அடுத்த சம்பளம்வரை போதாது, வேலையை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க ஒரு மாதம்கூடத் தாங்காது என்று சொல்லும் பந்தி ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே வையுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். வாப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்" என்றேன்.

வாப்பாவிடம் ஏற்கனவே கேட்டுவிட்டாளாம். அவர் கொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுதி முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து அதே லாச்சியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.